என் பேர்ல ஒரு நாற்காலி

ஜனவரி 9

அக்கா,

"இவ கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியேதான் இருக்கு"ன்னு நீ மாமாகிட்ட சொல்றது இங்கே வரைக்கும் கேக்குது. என்ன பண்றது, போனை ஆபீஸ்ல வாங்கி வெச்சுட்டாங்க. பழைய நம்பருக்குப் போட்டா அங்கே இருக்கிற ஒரு பொண்ணு எடுப்பா. புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்தான். ஆனா சார் இப்போதைக்கு வேணாம்னு சொல்றார். "ஒரே ஆளுக்கு ரெண்டு குரல் இருக்கக் கூடாது"ங்கிறார். அவர் அப்படித்தான் பேசுவார். மெதுவா, ஒவ்வொரு வார்த்தையையும் தராசுல வெச்சுப் பார்த்துட்டுப் பேசுவார்.

சார் யாருன்னு கேப்பே. டிசைனர்களுக்குப் பேர் உண்டாக்கித் தர்றது அவர் வேலை. பெர்சனல் பிராண்ட். ஆறு வருஷமா அந்த ஃபர்னிச்சர் கம்பெனியில நான் வரைஞ்சு தள்ளினேனே, ஆஸ்பத்திரி பெஞ்சு, ரயில்வே ஸ்டேஷன் நாற்காலி... ஊரே உக்காருது, யார் வரைஞ்சதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. சார் என்னோட குழந்தை நாற்காலியைப் பார்த்தார். சாப்பாடு ஊட்ட உக்கார வைக்கிற உயர நாற்காலி, மடிச்சு ஓரமா வைக்கலாம், படம் அனுப்பினேனே, அது. "நாற்காலி நல்லா இருக்கு. ஆனா விக்கப் போறது நாற்காலி இல்ல, நீங்க"ன்னார். சிரிக்காதே. ஒரு பெரிய கம்பெனி அதை என் பேர்லயே செஞ்சு விக்கப் போகுது! ஸ்டுடியோ மாடியிலயே எனக்கு ஒரு ரூமும் கொடுத்திருக்காங்க.

என் முடியைக் கழுத்தோட வெட்டிட்டாங்க. இனிமே சாம்பல் கலர்ல மட்டும்தான் துணி. பேரையும் பாதியா வெட்டியாச்சு, நீளமா இருந்தா வாயில நிக்காதாம். தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுறேன். கையை ஆட்டாம பேசணும். நான் கையை ஆட்டாம பேசுறேன், நினைச்சுப் பாரு!

"இந்த நாற்காலியை ஏன் செஞ்சீங்க"ன்னு கேட்டாங்க. உண்மையைச் சொன்னேன். உங்க மூக்குக்கண்ணாடிக் கடையில ஸ்டூல்ல இருந்து குட்டிப் பட்டு விழுந்து நெத்தியில தையல் போட்டாங்களே, அன்னைக்கு ஆஸ்பத்திரியில உன் மூஞ்சியைப் பார்த்துட்டு வந்துதான் வரைய ஆரம்பிச்சேன்னு சொன்னேன். சார் எதுவுமே எழுதிக்கலை. கண்ணை மூடிக் கேட்டார்.

பட்டுவுக்கு என் முத்தம். மாமாவுக்கு வணக்கம், முத்தம் இல்ல.

வாலு


ஜனவரி 20

அடியே வாலு,

சந்தோஷம்டி. நிஜமாவே. உங்க மாமா கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் "என் மச்சினி பெரிய டிசைனர்"னு ஆரம்பிச்சுடறார். கண்ணு செக் பண்ண வந்தவங்க எழுத்தைப் படிப்பாங்களா, இவர் கதையைக் கேப்பாங்களா?

ஆனா பேரை வெட்டினது எனக்குப் பிடிக்கலை. அப்பா ஆசையா வெச்ச பேர். முடி வளரும், பேர் வளருமா?

போன் போட்டேன். தேன் மாதிரி ஒரு பொண்ணு எடுத்தா. "நான் அவ அக்கா"ன்னேன். "சொல்லுங்க, மேடம்கிட்ட தெரிவிச்சுடறோம்"ங்கிறா. "மேடமா? அவ மூக்கைச் சிந்திவிட்டவ நான்"னேன். அதையும் தெரிவிச்சுடறாளாம்.

இன்னொண்ணு. போன வாரம் உங்க ஆபீஸ்ல இருந்துன்னு ஒருத்தர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. கடையைச் சுத்தி சுத்திப் படம் எடுத்தார். பட்டு விழுந்த அந்த ஸ்டூல் எதுன்னு கேட்டு, அதை மட்டும் தனியா வெளிச்சத்துல வெச்சு எடுத்தார். பட்டு ஓடி வந்து குறுக்கே நின்னா. "குழந்தை வேணாம், குழந்தை வேணாம்"னு நகர்த்தச் சொன்னார். சரி, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டேன். போறப்போ கேட்டார், "பாப்பா எப்பவும் கடையிலதான் இருக்குமா? நிறைய பேர் பார்ப்பாங்களா?"

ஏன்டி அப்படிக் கேக்கணும்? உங்க மாமா "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்"ங்கிறார். நீ சொல்லு.

சாப்பிடறியா ஒழுங்கா?

அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

அவர் போட்டோகிராபர், அவருக்கு வெளிச்சம்தான் கவலை. நீ வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே.

இங்கே தலைக்கு மேல வேலை. ஒரு வாரமா ரெக்கார்டிங். கண்ணாடி வெச்ச சின்ன ரூம், உள்ளே நான் மட்டும். எழுத்து எழுத்தா படிக்கச் சொல்றாங்க. அப்புறம் எண்கள், ஊர்ப் பேர்கள். "ஆமா" சொல்லுங்க, "இல்லை" சொல்லுங்க, சந்தோஷமா சொல்லுங்க, வருத்தமா சொல்லுங்க. சிரிக்கணும், அழப் போற மாதிரி நிறுத்தணும். தலையை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு. எதுக்குன்னு கேட்டேன். மத்த மொழிகள்ல விளம்பரம் வர்றப்போ கம்ப்யூட்டரே என் குரல்ல பேசிடுமாம், நான் ஒவ்வொண்ணுக்கும் வந்து நிக்க வேணாமாம். ஒப்பந்தத்துலயும் அது இருந்துச்சு, முகமும் குரலும்னு. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

தெருவுல ரெண்டு காலேஜ் பொண்ணுங்க என்னைப் பார்த்துட்டு நின்னுட்டாங்க. "நீங்கதானே அந்த நாற்காலி..."ன்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆறு வருஷம் யார் கண்ணுலயும் படாம உக்காந்திருந்தேன்ல.

ஒண்ணு மட்டும் கொஞ்சம் உறுத்துது. என் ஃப்ரெண்ட்ஸ் அனுப்புற மெசேஜுக்கெல்லாம் சார் ஆளுங்கதான் பதில் போடறாங்க. என்கூடப் படிச்சவ ஒருத்தி நேர்ல பார்த்தப்போ கையைப் பிடிச்சுக்கிட்டு, "என் டிவோர்ஸ் சமயத்துல நீ எழுதினதை மறக்கவே மாட்டேன்டி"ன்னா. அவளுக்கு டிவோர்ஸ் ஆனதே எனக்கு அப்பத்தான் தெரியும். சார்கிட்ட சொன்னேன். "பதில் தப்பா இருந்துச்சா?"ன்னு கேட்டார். வாங்கிப் படிச்சேன். தப்பில்லை. நானே எழுதியிருந்தாக்கூட அவ்வளவு நல்லா எழுதியிருக்க மாட்டேன்.

பட்டுவுக்கு ஒரு நாற்காலி அனுப்பச் சொல்லியிருக்கேன். கம்பெனியில இருந்து நேரா வரும்.

வாலு


பிப்ரவரி 19

இந்தக் கடிதத்தை உன் தேன்குரல் பொண்ணு படிக்க முடியாதுன்னு நம்பி எழுதறேன்.

முந்தாநாள் காலையில கடையைத் திறந்ததும் பக்கத்து மருந்துக்கடை அம்மா வந்தாங்க. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. இவ்வளவையும் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டா கடை நடத்தறே"ங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம் கையில இருந்த பத்திரிகையைக் காட்டினாங்க. ரெண்டு பக்கம் முழுக்க நீ. சாம்பல் சட்டை, குனிஞ்ச தலை. பக்கத்துல எங்க கடை ஸ்டூல், அது மட்டும் தனியா. மேலே கொட்டை எழுத்துல, "அக்காவின் குழந்தையை இழந்த நாளில்தான் இந்த நாற்காலி பிறந்தது."

நான் அதைப் படிச்சுட்டு இருக்கேன், என் காலுக்குக் கீழே பட்டு கண்ணாடிக் கூடு ஒண்ணைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்த அம்மா அவளைப் பார்த்துட்டு மெதுவா கேக்கறாங்க, "இது ரெண்டாவதா?"

என் பொண்ணு உயிரோட இருக்காடி. எச்சில் வழிய வழிய இருக்கா. எந்த வாயால அதைச் சொன்னே நீ?

உடனே போன் போட்டேன். அந்தப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? "உங்க இழப்புக்கு மேடம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கச் சொன்னாங்க." எங்கிட்டயே! பெத்தவகிட்டயே!

உங்க மாமா ரெண்டு நாளா பட்டு தூங்கறப்போ மூக்குல விரல் வெச்சு வெச்சுப் பார்க்கறார்.

அடுத்த இதழ்ல அது பொய்னு வரணும். இல்லேன்னா உனக்கு அக்கா இல்லை. அதுக்கும் சேர்த்து ஒரு கதை எழுதச் சொல்லு உன் சாரை.


பிப்ரவரி 25

அக்கா,

நான் "விழுந்துட்டா"ன்னு சொன்னேன். அவங்க "இழந்துட்டோம்"னு எழுதிட்டாங்க. பட்டு தலைமேல அடிச்சு சத்தியமா... இல்ல, அப்படி எழுத மாட்டேன். என்னை நம்பு. அச்சாகி வந்த பிறகுதான் நானே பார்த்தேன்.

சார்கிட்ட கத்தினேன். என் வாழ்க்கையிலேயே ஒருத்தர்கிட்ட அப்படிக் கத்தினது இல்லை. அவர் முழுசாக் கேட்டார். தண்ணி கொடுத்தார். அப்புறம் சொன்னார், "மறுப்பு போட்டா நீங்க பொய் சொன்னதாத்தான் ஆகும், நாங்க சொன்னதா ஆகாது. உங்க வாய், உங்க முகம். சும்மா விட்டீங்கன்னா ஜனங்க மறந்துடுவாங்க. துக்கத்தை யாரும் தோண்டிப் பார்க்க மாட்டாங்க."

அடுத்து அவர் சொன்னதை எழுதக் கை வரலை. ஆனா எழுதறேன், ஏன்னா வேற வழி எனக்குத் தெரியலை. நாற்காலி வெளியாகி ஒரு மாசம் போற வரைக்கும் பட்டுவைக் கொஞ்சம் கடைப் பக்கம் கொண்டுவராம இருக்க முடியுமான்னு கேக்கச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே. ஒரே ஒரு மாசம். அப்புறம் எல்லாம் அடங்கிடும், நானே வந்து உன் கால்ல விழறேன்.

கோவிச்சுக்காதே அக்கா. இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒண்ணு இப்பத்தான் வந்திருக்கு.

வாலு


மார்ச் 1

என் பொண்ணை ஒளிச்சு வெக்கணுமா?

இன்னைக்கு அவளுக்கு இருக்கறதுலயே சிவப்பா ஒரு சட்டையைப் போட்டுக் கடை வாசல்லயே உக்கார வெச்சிருக்கேன். போறவங்க வர்றவங்க எல்லாரும் பார்க்கட்டும்.

இனிமே எழுதாதே.


ஏப்ரல் 3

எழுத மாட்டேன்னு சொன்னேன். பட்டு விஷயமா இருக்கறதால எழுதறேன். வேற ஒண்ணும் நினைச்சுக்காதே.

நீ அனுப்பின நாற்காலி வந்து அட்டைப் பெட்டியோட மூலையில கிடந்தது. நான் தொடலை. போன வாரம் நான் சரக்கு எடுக்க வெளியே போயிருந்தப்போ உங்க மாமா பிரிச்சு மாட்டி அவளை உக்கார வெச்சிருக்கார். மனுஷனுக்கு உன் மேல கோவமும் இருக்க மாட்டேங்குது. "எவ்வளவு அழகா பண்ணியிருக்கா பாரு"ன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டியிருக்கார்.

பழம் ஊட்டிட்டு இருக்கார். பட்டு ஒரு பக்கமாச் சாய்ஞ்சு எதையோ எட்டிப் பிடிக்கப் போயிருக்கா. அவ்வளவுதான். நாற்காலியோட வலது பக்கத்துக் கால் அப்படியே உள்ளே மடிஞ்சுடுச்சு. அவர் கையில கிண்ணம் இருந்தாலும், நல்ல வேளை, கண்ணு அவ மேல இருந்துச்சு. கிண்ணத்தைப் போட்டுட்டு அவளைப் பிடிச்சுட்டார். சட்டை நுனி மட்டும் மடிப்புல சிக்கிக் கிழிஞ்சுது. அது சட்டை. விரலா இருந்தா?

நான் வந்து விரிச்சு விரிச்சுப் பார்த்தேன். நீ ஒரு தடவை அட்டையில மாதிரி செஞ்சு காட்டினப்போ, விரிச்சதும் "டக்"குனு ஒரு சத்தம் வரும், அது வந்தாத்தான் பூட்டிக்கிச்சுன்னு அர்த்தம்னு சொன்னே. இதுல சத்தமே வரலை. பூட்டிக்கிட்ட மாதிரி நிக்குது, ஆனா பூட்டலை.

நீ வரைஞ்சதா இது?


ஏப்ரல் 8

அக்கா, பட்டுவை அதுல உக்கார வைக்காதே. தெரிஞ்சவங்க யார் வீட்டுல இருந்தாலும் உக்கார வைக்க வேணாம்னு சொல்லு.

உன் கடிதம் கிடைச்ச உடனே ஆபீஸ்ல சொல்லாம பஸ் ஏறி ஃபேக்டரிக்குப் போனேன். நான் வரைஞ்சதுல ரெண்டு பக்கமும் மடிப்புக்குள்ள ஒரு சின்ன எஃகுக் கம்பி. விரிச்சதும் அது குழியில விழும், அதுதான் அந்தச் சத்தம். அங்கே போய் ஒரு நாற்காலியைப் பிரிச்சுப் பார்த்தேன். கம்பி இல்லை. பிளாஸ்டிக்ல ஒரு மேடு, அவ்வளவுதான். கொஞ்ச நாள்ல தேய்ஞ்சுடும்.

சூப்பர்வைசர்கிட்ட "யாரைக் கேட்டு மாத்தினீங்க"ன்னேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்துப் பேய்முழி முழிச்சார். "மேடம், நீங்கதானே சொன்னீங்க?" போனை எடுத்துப் போட்டுக் காட்டினார். என் குரல் அக்கா. "கம்பியைப் பொருத்த நேரமாகுதுன்னா பிளாஸ்டிக்ல போங்க, பரவாயில்லை, நான் பார்த்துட்டேன்." நடுவுல நான் சிரிக்கிற சின்னச் சிரிப்புக்கூட இருந்துச்சு. நான் அப்படி ஒரு வார்த்தை என் ஜென்மத்துல பேசலை. எழுத்து எழுத்தாப் பேசிக் கொடுத்தேனே, அதை வெச்சு கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்க.

அங்கே நிக்கறப்பவே அவர் சொல்லித் தெரிஞ்சது, வேற ஊர்ல ஒரு குழந்தைக்கு ரெண்டு விரல் மடிப்புல மாட்டியிருக்கு. விரல் இருக்கா, இல்லையான்னு யாருக்கும் சரியாச் சொல்லத் தெரியலை.

சார்கிட்ட போய் நின்னேன். "என் குரல்ல எப்படிச் சொல்லலாம்?"

"உங்க பேர்ல தினமும் எவ்வளவு முடிவு எடுக்க வேண்டியிருக்கு. எல்லாத்துக்கும் உங்களைத் தொந்தரவு பண்ண முடியுமா?"ன்னார்.

"விக்கறதை நிறுத்துங்க."

"அது கம்பெனி கையில. நாம செய்ய வேண்டியது ஒண்ணுதான். நாற்காலி பத்திரமானதுன்னு நீங்க ரெண்டு நிமிஷம் பேசணும். நாளைக்கு ஷூட்."

"மாட்டேன். நான் போறேன்."

அவர் கோவப்படவே இல்லை அக்கா. அதைத்தான் இன்னும் நினைச்சுக்கிட்டே இருக்கேன். எழுந்து கதவைத் திறந்து விட்டார். "தாராளமாப் போங்க. உங்களுக்கும் ஓய்வு வேணும்"னார். என்னை வேணும்னு நினைக்கிறவர் அப்படியா பேசுவார்?

ரூமைக் காலி பண்ணிட்டேன். டிவோர்ஸ் ஆன அந்தத் தோழி வீட்டுல இருக்கேன், விலாசம் கடிதத்துக்குப் பின்னாடி இருக்கு. நாளையில இருந்து ஒவ்வொரு பத்திரிகையாப் போய்ச் சொல்லப் போறேன். என்னை மன்னிக்கணும்னு கேக்கலை. அந்த நாற்காலியை மட்டும் உடைச்சுப் போட்டுடு.

வாலு


ஏப்ரல் 17

வாலு,

நாற்காலியை உங்க மாமா சுத்தியால அடிச்சு நொறுக்கிட்டார். அழுதுக்கிட்டே அடிச்சார்.

நீ கிளம்பி இங்கே வந்துடு. கோவம் எல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம், அது எங்கேயும் ஓடிடாது. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் எழுது.

முந்தாநாள் கடையில இருக்கற டிவியில நீ வந்தே. நீ வேலையை விட்டுட்டேன்னு எழுதின கடிதம் என் மேஜையில இருக்கு, நீ டிவியில இருக்கே. "சில பேர் வதந்தி பரப்பறாங்க. நான் ஒரு குழந்தையை இழந்த குடும்பத்துல இருந்து வர்றேன், உங்க குழந்தை உயிரோட நான் விளையாடுவேனா?" உன் முகம்தான். உன் உதட்டோர மச்சம். பட்டு "சித்தி, சித்தி"ன்னு திரையைப் போய்த் தட்டறா. எனக்கு முதுகுத்தண்டுல ஈரத்துணியைப் போட்ட மாதிரி ஆயிடுச்சு.

அதோட முடியலை. சாயங்காலம் போன் வந்தது. நீ. "அக்கா, எப்படி இருக்கே, பட்டு எப்படி இருக்கா? நான் கோவத்துல உனக்கு என்னென்னவோ எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதே. நாற்காலியில ஒரு குறையும் இல்லை. யாராவது கேட்டா அப்படியே சொல்லிடு"ன்னே. ரொம்பப் பாசமாப் பேசினே. நானும் உருகிட்டேன். கண்ணு கலங்கிப்போய், "ஏன்டி, அந்த ரூம்ல ஜலதோஷம் பிடிச்சுக்கிச்சே, சரியாச்சா?"ன்னு சும்மா போட்டு வாங்கினேன். "சரியாயிடுச்சு அக்கா, உன் ஞாபகமாவே இருந்தேன்"னே.

ஜலதோஷம்னு நீ எனக்கு எழுதவே இல்லை.

போனை வெச்சுட்டு உக்காந்துட்டேன். இனிமே உன் குரல்ல யார் கூப்பிட்டாலும் நான் வெச்சுடுவேன். திரையில வந்தா பட்டுவைத் திருப்பிப் பிடிச்சுக்குவேன். கையால எழுதி அனுப்பு, அதை மட்டும்தான் நம்புவேன். பத்திரிகைக்காரங்க என்ன சொன்னாங்க?

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

நீ இந்தக் கையெழுத்தைப் பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுடாதே. இடது கையால எழுதறேன். வலது கை கட்டுல இருக்கு. என்னோடதுதான்னு நீ நம்ப ஒண்ணு சொல்றேன். ஸ்கூல் படிக்கறப்போ உனக்குக் கண்ணு நல்லாவே தெரியும். ஆனா கண்ணாடி போட்டுக்க ஆசைப்பட்டு டாக்டர்கிட்ட எழுத்தையெல்லாம் தப்புத் தப்பாப் படிச்சே. நான் பக்கத்துல உக்காந்து சிரிப்பை அடக்க முடியாம இருமி இருமிச் சமாளிச்சேன். மாமாவுக்குக்கூட இது தெரியாது. எந்த ரெக்கார்டிங்லயும் நான் இதைச் சொன்னதில்லை. போதுமா?

நேத்து ஒரு நர்ஸ் போன்ல இருந்து உன்னைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டே. நீ செஞ்சது சரிதான். வெச்ச பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதுலயே வெச்சுட்டு இருந்தேன்.

பத்திரிகைக்காரங்க யாரும் என்னை நம்பலை. ஒருத்தர், "மேடமே எங்ககிட்ட இன்னைக்குக் காலையில பேசினாங்களே, நீங்க யாரு?"ன்னார். அடையாள அட்டையைக் காட்டினேன். அதுல இருக்கறது அப்பா வெச்ச முழுப்பேர். அந்தப் பேர் இங்கே யாருக்கும் தெரியாது. போலீஸ் ஸ்டேஷன்லயும் அதேதான். முடி கொஞ்சம் வளர்ந்துடுச்சு, தோழியோட பூப்போட்ட சட்டை வேற. "அவங்க மாதிரியே இருக்கீங்க, அதை வெச்சு விளையாடாதீங்க"ன்னு புத்திமதி சொல்லி அனுப்பினாங்க.

அப்புறம் கடை கடையாப் போக ஆரம்பிச்சேன். வாங்க வர்றவங்ககிட்ட வேணாம்னு சொல்லணும், அவ்வளவுதான். ரெண்டு கடையில வெளியே தள்ளிட்டாங்க. மூணாவது ஒரு பெரிய கடை. குழந்தைச் சாமான் பகுதியில என் நாற்காலியை வரிசையா அடுக்கியிருக்காங்க. பக்கத்துல என் ஆளுயர அட்டைப் படம், அதுக்கு மேல திரையில நான் பேசிக்கிட்டே இருக்கேன். ஒரு அம்மா கைக்குழந்தையை நாற்காலியில உக்கார வெச்சு அளவு பார்க்கறாங்க.

"இது வேணாம்மா, மடிஞ்சுடும்"னேன்.

"இல்லையே, அவங்களே சொல்றாங்களே"ன்னு திரையைக் காட்டினாங்க.

"அவங்க நான்தாம்மா. நான்தான் இதை வரைஞ்சேன்."

என்னை ஒரு தடவை பார்த்தாங்க. திரையை ஒரு தடவை பார்த்தாங்க. சிரிச்சாங்க அக்கா, கோவமா இல்ல, பாவமேன்னு. குழந்தைக்கு வார் மாட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பிஞ்சு கை மடிப்புக்கிட்டயே இருக்கு, அது எதையோ தட்டித் தட்டி விளையாடுது.

நான் யோசிக்கலை. யோசிச்சிருந்தா பயந்திருப்பேன். பக்கத்துல பிரிச்சு வெச்சிருந்த இன்னொரு நாற்காலி மடிப்புல என் கையை விட்டுட்டு, மேல இருந்து முட்டியால அழுத்தி ஒரு பக்கமாச் சாய்ச்சேன். அதை வரைஞ்ச எனக்குத் தெரியும் எங்கே அழுத்தணும்னு. மடிஞ்சுது. சத்தம் வரலை, நீ சொன்ன மாதிரியே. நான்தான் கத்தினேன்.

அந்த அம்மா குழந்தையை வாரி எடுத்துக்கிட்டு ஓடினாங்க. சுத்தி நின்னவங்களும் கையில எடுத்த பெட்டியைத் திரும்ப வெச்சாங்க. அதை நான் கண்ணால பார்த்தேன். எனக்கு அது போதும்னு அப்போ தோணிச்சு.

ஆள்காட்டி விரலும் நடு விரலும் தேறுமான்னு டாக்டர் இன்னும் சொல்லலை. பென்சில் பிடிக்கற ரெண்டு விரல்.

யாரோ கடையில அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்க. நல்லதுதான், இனிமே உண்மை வெளியே வந்துடும்னு நினைச்சேன். இங்கே ஒரு நர்ஸ் இருக்காங்க, ரொம்ப நல்ல மாதிரி. முடி வாரிவிடுவாங்க, சாப்பாடு ஊட்டிவிடுவாங்க. இன்னைக்குக் காலையில அவங்கதான் போனைக் கொண்டுவந்து காட்டினாங்க. "உங்களைப் பத்திப் பேசறாங்க பாருங்க"ன்னாங்க.

சாம்பல் சட்டையில நான். மடியில ரெண்டு கையும் கோத்து வெச்சிருக்கேன், பத்து விரலும் முழுசா. கண்ணுல தண்ணி நிக்குது. "என் பேரைச் சொல்லிக்கிட்டு ஒரு பொண்ணு ஒரு கடையில தன்னையே காயப்படுத்திக்கிட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்லை. மனசு சரியில்லாதவங்க. அவங்களுக்கு நம்ம எல்லாரோட அன்பும் வேணும். அவங்க எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு எங்க ஆபீஸுக்குச் சொல்லுங்க. அவங்களைப் பார்த்துக்க வேண்டியது என் பொறுப்பு."

பொய்னு தெரிஞ்சும் ஒரு நிமிஷம் எனக்கே அவ மேல இரக்கம் வந்துடுச்சு அக்கா.

இந்தக் கடிதத்தை எதிர்க் கட்டில் பாட்டியோட மகன் கூரியர்ல போடறேன்னு சொல்லியிருக்கார். கிடைச்ச உடனே கிளம்பு. மாமாவையும் கூட்டிட்டு வா. நான் நர்ஸ்கிட்ட கெஞ்சினேன், யாருக்கும் சொல்லாதீங்கன்னு. அவங்க என் தலையைத் தடவிக் கொடுத்தாங்க. அந்த ஆபீஸுக்கு ஏற்கெனவே போன் பண்ணிட்டாங்களாம். "பயப்படாதீங்க, இந்த வாரத்துக்குள்ள மேடமே உங்களைப் பார்க்க நேர்ல வர்றாங்களாம்"னு அவ்வளவு சந்தோஷமாச் சொல்லிட்டுப் போறாங்க.

வாலு